ஓராண்டு அங்கி: அருளானந்தரின் தாயை நினைத்து

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



ஜனவரி 31 அன்று புனித தொன் போஸ்கோவின் திருவிழா. பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தரின் திருவிழா. நான்கு நாள் இடைவெளியில் இரண்டு புனிதர்களைக் கொண்டாடுகிறோம். ஒருவர் இத்தாலியில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். மற்றவர் போர்த்துக்கல் நாட்டில் அரசருக்கு நெருக்கமான பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இருவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தகப்பனின் முகம் மனதில் பதியாத வயதிலேயே இருவரும் தகப்பனை இழந்தார்கள். தொன் போஸ்கோவுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அருளானந்தருக்கு நான்கு வயது. இருவரையும் ஆளாக்கியது தாய்தான்.

திருவிழாப் பிரசங்கத்தில் அந்தத் தாய்க்கு ஒரு வரி கிடைக்கும். 'பக்தியுள்ள தாயின் மடியில் வளர்ந்தார்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் குருமடத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வருடம் அடங்கியிருக்கிறது என்று ஆண்பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

மார்க்கையன்கோட்டையில் ஒரு காலை நேரத்தை எண்ணிப் பார்ப்போம். வயலில் இரண்டாம் போக நெல் பச்சை பிடித்து நிற்கிறது. வீட்டுக்குள் ஒருவனுக்குக் காலுறை ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. இன்னொருவன் தலைக்கு எண்ணெய் வைக்க விடாமல் ஓடுகிறான். சின்னமனூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "டேய் சாமி, நில்லுடா" என்று வாசலில் பிடித்து நிறுத்தி, அந்த அவசரத்திலும் இரண்டு நெற்றியிலும் சிலுவை வரைந்து அனுப்புகிறாள் தாய். பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வரவேண்டும், ஆற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ போகக் கூடாது என்று நூறாவது தடவையாகச் சொல்கிறாள். ராத்திரி செபமாலையில் மூன்றாம் காரணிக்கம் வருவதற்குள் சின்னவன் மடியில் தூங்கிவிடுகிறான். பெரியவன் 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே தம்பியின் காலைக் கிள்ளுகிறான். இதை ஒரு செபம் என்று கணக்கில் வைப்பாரா ஆண்டவர் என்று அவளுக்குச் சந்தேகம் வருகிறது. நமக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

இந்த வாரம் அருளானந்தரின் தாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறோம். நம் மதுரை மறைமாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அருளானந்தர் என்றால் ஓரியூர் செம்மண் நினைவுக்கு வரும். அந்த மண்ணுக்கு அவரைக் கொடுத்த தாயின் பெயரோ நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பியாத்ரிஸ் பெரெய்ரா.

அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, 1647 மார்ச் முதல் தேதி லிஸ்பன் நகரில் பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. தகப்பனார் சல்வதோர் தெ பிரிட்டோ பெரெய்ராவை அரசர் பிரேசில் நாட்டு ரியோ தெ ஜெனீரோவுக்கு ஆளுநராக அனுப்பினார். போனவர் திரும்பவில்லை, 1651இல் அங்கேயே இறந்துபோனார். கப்பலில் போன கணவரைப் பற்றிக் கடல் கடந்து வந்தது சாவுச் செய்தி மட்டும். அந்தத் தாய்க்குக் கடல் என்றால் என்ன அர்த்தம் என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

இவருடைய வாழ்க்கையை எழுதியவர்களில் சொந்த அண்ணன் பெர்னாந்துவும் ஒருவர். அவர் எழுதிய வரலாறு 1722இல் கோயிம்பிரா நகரில் அச்சானது. புனிதர்களின் வரலாறு பெரும்பாலும் மடத்து அறைகளில் எழுதப்படும். இந்தப் புனிதரைப் பற்றி, ஒரே கூரையின் கீழ், ஒரே தாயின் அதட்டலைக் கேட்டு வளர்ந்தவரும் எழுதியிருக்கிறார்.

ஜான் சிறுவனாக இருக்கும்போதே அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்க்கப்பட்டான். இளவரசர் பெத்ரோ அவனைவிட ஒரு வயது இளையவர், விளையாட்டுத் தோழர். மற்றப் பிரபு வீட்டுப் பையன்கள் இவனுடைய பக்தியைக் கேலி செய்தார்கள், சீண்டினார்கள், 'வேதசாட்சி' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். நம் பையன்களும் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் ஒருநாள் உண்மையாகும் என்று அந்த அரண்மனை முற்றத்தில் யாருக்குத் தெரியும்?

பதினொரு வயது வாக்கில் ஜானுக்குக் கடும் நோய் வந்தது. வைத்தியர்கள் கைவிரித்தார்கள். தாய் புனித சவேரியாரிடம் மன்றாடினார். கவனியுங்கள்: நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542இலிருந்து நடந்து திரிந்து, பரதவர் குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார். லிஸ்பனில் ஒரு விதவைத் தாய், தமிழ்க் கடற்கரையின் அப்போஸ்தலரிடம் பிள்ளை வரம் கேட்கிறார். பிள்ளை பிழைத்தால் இயேசு சபையினர் அணியும் அங்கியை ஓராண்டு அவனுக்குப் போட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொள்கிறார்.

இது நமக்கு அந்நியமான பழக்கம் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு வேளாங்கண்ணியில் முடி எடுப்பதாக நேர்ந்துகொள்கிறோம். பிழைத்து எழுந்த பையனுக்குச் சின்னதாகப் பழுப்பு அங்கி தைத்து, இடுப்பில் கயிறு கட்டி, அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை அழைத்துப் போகிறோம். காவி உடுத்திக்கொண்டு நடக்கிறோம். படித்தவர்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருக்காதவர்களுக்கு அந்தச் சிரிப்பு எளிது.

பிள்ளை பிழைத்தான். தாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கறுப்பு அங்கி தைத்தாயிற்று. ஓராண்டு முழுவதும் அந்த அங்கியிலேயே ஜான் அரண்மனைக்குப் போனான், வந்தான். அந்நாளில் போர்த்துக்கல் மக்கள் இயேசு சபைக் குருக்களை 'அப்போஸ்தலர்கள்' என்று அழைப்பது வழக்கம். அதனால் இவனைச் 'சின்ன அப்போஸ்தலர்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். ஓராண்டு முடிந்தது. நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று தாய் அங்கியைக் கழற்றி மடித்து வைத்திருப்பார்.

பையனுக்கோ அந்த அங்கி கழலவில்லை. 1662 டிசம்பர் 17 அன்று, பதினைந்து வயதில், லிஸ்பன் நவதுறவு இல்லத்தில் சேர்ந்தான். எவோராவிலும் கோயிம்பிராவிலும் படித்தான். இதுவரை தாய்க்குப் பெரிய வருத்தம் இருந்திருக்காது. மகன் துறவியாக இருந்தாலும் அதே நாட்டில் இருக்கிறான், திருவிழாவுக்குப் பார்க்கலாம், அரண்மனைப் பிரசங்கி ஆனாலும் ஆகலாம். நம் வீடுகளிலும் இந்த அளவுக்குக் கொடுப்பதற்கு ஆள் உண்டு.

அப்போது மதுரை மறைப்பணித் தளத்திலிருந்து பல்தசார் தா கோஸ்தா என்ற இயேசு சபைக் குரு லிஸ்பனுக்கு வந்தார். மதுரைப் பணிக்கு ஆள் சேர்க்க வந்தவர் அவர். 1606இல் தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய பணி அது. பண்டாரசாமியாகக் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, ஊர் ஊராக நடந்து ஏழை எளியவர்களிடையே வாழ்ந்தவர் தா கோஸ்தா. ஏற்கெனவே இந்தியப் பணிக்கு விண்ணப்பம் எழுதியிருந்த ஜான் அவரோடு போகத் தீர்மானித்தார்.

தாய் எதிர்த்தார். நாம் பூசி மெழுக வேண்டியதில்லை, வரலாறும் மறைக்கவில்லை. சபைத் தலைவர்களிடம் முறையிட்டார். தமக்கிருந்த செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தினார். திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போனார், மகனைத் தடுத்து நிறுத்துங்கள் என்று. உலகத்திலிருந்து துறவுக்கு அழைத்த அதே கடவுள் இப்போது இந்தியாவுக்கு அழைக்கிறார் என்பதில் மகன் உறுதியாக நின்றார்.

புனிதரின் தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணவரைக் கடல் கடந்து அனுப்பிப் பறிகொடுத்த பெண் அவர். லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு அந்நாளில் ஆறு மாதக் கப்பல் பயணம். பாதி வழியில் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். அவருடைய பயம் வீண் பயம் இல்லை. 1673 மார்ச்சில் கப்பல் புறப்பட்டது. ஆள் சேர்க்க வந்த பல்தசார் தா கோஸ்தாவே அந்தப் பயணத்தில் கடலில் இறந்தார். ஜான் செப்டம்பரில் கோவா சேர்ந்தார். மறு ஆண்டு மதுரைப் பணித்தளத்துக்கு வந்து அருளானந்தர் ஆனார்.

நேர்ந்துகொண்டது ஓராண்டுக்கு; கேட்கப்பட்டது ஆயுளுக்கு. நோய்ப் படுக்கையின் அருகே 'இவன் உமக்கே' என்று சொன்ன அதே வாய், பிள்ளை பிழைத்து நிமிர்ந்து நடக்கும்போது 'இவன் எனக்கு' என்கிறது. இதற்காக எந்தத் தாயையும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தேவ அழைத்தல் ஞாயிறன்று நாம் எல்லாரும் முழந்தாளிட்டு மன்றாடத்தான் செய்கிறோம். அடுத்த வீட்டுப் பையனை அழையும் ஆண்டவரே என்றுதான் மன்றாடுகிறோம். சொந்தப் பையன் எட்டாவது படிக்கும்போது "நான் சாமியாராப் போறேன்மா" என்றால், முதலில் டிகிரி முடி, அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். அப்பத்தா ஒருபக்கம் அழுகிறார். வீட்டுக்கு ஒரே ஆண் வாரிசு என்கிறார் தாத்தா. இத்தனைக்கும் அந்தப் பையனைச் சின்ன வயதில் பீடத்தின் முன் கிடத்தி ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

திருவிவிலியத்தில் அன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக அழுது, பொருத்தனை செய்து, சாமுவேலைப் பெற்று, பால்மறந்ததும் சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு வந்தவர். அவருடைய பெரிய பாடலை நாம் அறிவோம். அதே அதிகாரத்தில் சற்றுப் பின்னால் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போது அன்னா தன் மகனுக்குச் சிறிய மேலாடை ஒன்று தைத்துக்கொண்டு வருவாராம். கடந்த வருடத்தைவிட இந்த வருடம் எத்தனை விரற்கடை வளர்ந்திருப்பான் என்று கண்ணுக்கு எட்டாத பிள்ளையை மனதால் அளந்துதான் தைத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்ட தாய்க்கும் ஊசி நூல் வேலை முடிவதில்லை.

தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தாவுக்கு இது வேறு விதமாக வந்தது. 1817 மே மாதம் கணவர் பிரான்சிஸ் இறந்தபோது அவருக்கு வயது 29. வீட்டில் வயதான மாமியார். கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த அந்தோனி, தனக்குப் பிறந்த யோசேப்பு, ஜான் என மூன்று பையன்கள். ஊரில் பஞ்சம். மறுமணத்துக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. பிள்ளைகளை ஒரு காப்பாளரிடம் விட்டுவிட்டு வரவேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

அந்த வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு பிரம்பு இருக்கும். எடுத்து அடித்ததில்லை என்கிறார்கள்; இருந்தது மட்டும் உண்மை. ஒருநாள் ஜான் உயரத்தில் இருந்த எண்ணெய்ச் சாடியை எடுக்கப்போய்த் தள்ளி உடைத்துவிட்டான். எண்ணெய் விலையை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா திரும்பி வருவதற்குள் அவன் வேலியில் ஒரு குச்சி ஒடித்து, கத்தியால் பட்டையில் பூவேலை செய்து, எதிரே போய், "அம்மா, இதோ பிரம்பு" என்று நீட்டினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை வளர்ப்பு பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் வருகின்றன. அடிவாங்கத் தானே பிரம்பு கொண்டுவரும் அளவுக்கு ஒரு பையன் தாயை நம்பியிருந்தான் என்பதை நாம் அவற்றோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஆனால் சிரிப்பு மட்டுமே இல்லை அந்த வீட்டில். மூத்தவன் அந்தோனிக்கு ஜான் படிப்பது பிடிக்கவில்லை. வயலில் தான் உழைக்க, தம்பி புத்தகம் வைத்துக்கொண்டு உட்காருவதா என்று தினமும் சண்டை. 1828 பிப்ரவரியில், வீடு உடையாமல் இருக்க வேண்டும் என்று, பன்னிரண்டு வயது ஜானை ஒரு சின்ன மூட்டையோடு வேலை தேடி வெளியே அனுப்பினார் தாய். ஐரோப்பாவில் பிப்ரவரி என்றால் கடும் குளிர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பையன்களுக்கு வீடு கொடுத்த புனிதர், தன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பையன். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை ஹாஸ்டலுக்கோ அம்மாச்சி வீட்டுக்கோ அனுப்ப நேர்ந்த தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மார்கரீத்தாவை அது புனிதமற்றவர் ஆக்கவில்லை. 2006இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது.

1846 நவம்பரில், 58 வயதில், தன் சிறு வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு, மகனோடு துரின் நகரத்துக்கு நடந்தே போய் அநாதைப் பையன்களுக்குத் தாயானார். கல்யாணச் சேலை என்று நாம் சொல்வோமே, அதுபோன்ற தம் திருமண உடையை வெட்டிப் பீடத்துக்குத் துணிகளாகத் தைத்தார். நான்கு வருடம் கழித்து ஒருநாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி அவருடைய காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கினார்கள். போதும், ஊருக்கே போகிறேன் என்று மகனிடம் சொன்னார். தொன் போஸ்கோ ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் பார்த்தார், மறுபடி அடுப்படிக்குப் போனார். 1856இல் சாகும்வரை அங்கேயேதான் இருந்தார்.

மீண்டும் லிஸ்பனுக்கு வருவோம். மகனை அனுப்பிப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இங்கே 1686இல் அருளானந்தர் மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, மரணத்தின் விளிம்புவரை போய் விடுதலையானார். பிறகு சபைத் தலைவர்கள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687 செப்டம்பரில் லிஸ்பன் வந்து சேர்ந்தார்.

அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! போனபோது இருபத்தாறு வயது, வந்தபோது நாற்பது. வெயிலில் கறுத்து, மெலிந்து வந்திருக்கிறார். வந்தவர் இறைச்சி தொடவில்லை, மீன் தொடவில்லை. சோறும் காய்கறியும் போதும் என்றார். கட்டிலில் படுக்காமல் தரையில் படுத்தார். பிறந்த நாட்டுக்கு வந்த இடத்திலும் மதுரை நாட்டுப் பண்டாரசாமியாகவே இருந்தார். நம் பிள்ளை இரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்து "இது வேண்டாம்மா, அது போதும்மா" என்றால் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆசையாகச் செய்து வைத்ததைத் தொடாத பிள்ளை, நம் கையைவிட்டுப் போய்விட்ட பிள்ளை என்று தோன்றுகிறது. அவருடைய வயிறும் நாக்கும்கூடத் தமிழ்நாட்டுக்குச் சொந்தமாகிவிட்டதை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை சொல்லியிருக்கும்.

பழைய விளையாட்டுத் தோழர் பெத்ரோ இப்போது போர்த்துக்கல் அரசர். தன் மகனுக்கு ஆசிரியராக இரு, இங்கேயே இரு என்று கேட்டார். அருளானந்தர் கேட்கவில்லை. 1690 ஏப்ரலில் மறுபடி கப்பலேறினார். முதல் முறை தடுக்கத் திருத்தூதர் வரை போன தாய் இந்த முறை அப்படி எங்கும் போனதாக வரலாற்றில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிழவன் சேதுபதி காலத்து மறவர் நாடு, சிறை, ஓரியூர். 1693 பிப்ரவரி 3 அன்று அடுப்புக்கரியை நீரில் கரைத்து மையாக்கிச் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் தலை வெட்டப்பட்டது. 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

செய்தி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. கணவரின் சாவுச் செய்தி வந்த அதே கடல் வழி. அரசர் பெத்ரோ நன்றித் திருவழிபாடு நடத்தக் கட்டளையிட்டார். மகனைப் பறிகொடுத்த தாய் கறுப்பு உடுத்தி வருவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். பியாத்ரிஸ் பெரெய்ரா திருவிழா உடை உடுத்திக்கொண்டு வந்தார். அவனை லிஸ்பனிலேயே நிறுத்திவைக்க ஆசைப்பட்ட இருவர், ஒருவர் தாய், ஒருவர் சின்ன வயதுத் தோழர், அன்று ஒரே நன்றி வழிபாட்டில் கலந்துகொண்டார்கள்.